பாவைக்கு உயிரூட்டப் பயின்றோர்: பாத்திர அசைவூட்டக் கல்வியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கலை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் படைப்பினையும் படைத்தோனையும் நோக்குவர். படைத்தோன் அக்கலையை எவரிடம், எக்கருவி கொண்டு, எத்தனை தவறுகளின் பின் கற்றுத் தேர்ந்தான் என்னும் வினா அவர்தம் நோக்கிலிருந்து பெரிதும் நழுவிவிடுகின்றது. ஆயின், ஒரு கலை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் செல்வதும் இடைவழியில் அறுந்து போவதும் அவ்வினாவின் விடையையே பொறுத்துள்ளன. அசைவூட்டத் திரைப்படத்தின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டவல்லது. அக்கலை தோன்றி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டே கழிந்துள்ளமையால், அதனைப் பயின்றோர் எவ்வாறு பயின்றனர் என்பதற்குச் சான்றுகள் அழியாது கிடைக்கின்றன. அவ்வரலாற்றை மன்னார்த் தீவின் பழைய பாவை, கூத்து மரபுகளோடு ஒருங்கே வைத்து நோக்கின், இன்று அக்கலையைப் பயில விழையும் தமிழ் மாணவனுக்கு யாது உளது, யாது இலது என்பது புலப்படும்.

முதற்கண் 'பாத்திர அசைவூட்டம்' என்னும் தொடரின் பொருள் வரையறுக்கப்படல் வேண்டும். திரைப்படச் சுருளில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. சிறிது சிறிதாக வேறுபடும் ஓவியங்களை அச்சட்டங்களிற் பதிந்து ஓட்டினால், கண் அவற்றைத் தொடர்ந்த அசைவாகக் கொள்ளும். இஃது அசைவூட்டம் மட்டுமே. அசைவு வேறு, உயிர் வேறு. ஒரு பந்து துள்ளுதல் அசைவு; அப்பந்து துள்ளுமுன் ஒரு கணம் தயங்குமாயின் அஃது உயிர். பாத்திர அசைவூட்டம் என்பது அத்தயக்கத்தைக் கற்பதேயாகும். உருவம் எண்ணுகின்றது, அஞ்சுகின்றது, முடிவு செய்கின்றது என்னும் மயக்கத்தைப் பார்ப்போனிடம் தோற்றுவித்தலே அதன் நோக்கம்.

இம்மயக்கத்தைத் தமிழர் புதிதாகக் கண்டிலர். நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளாகிய 1020ஆம் குறளில், அகத்தே நாணமில்லாதோர் உலவுவதற்குக் கயிற்றினால் இயங்கி உயிருள்ளதுபோல் மயக்கும் மரப்பாவையை வள்ளுவர் உவமையாக்கியுள்ளார். உவமை இகழ்ச்சிப் பொருளில் வந்ததாயினும், பாவையை இயக்குவோனின் தொழில் 'உயிருள்ளதென மயக்குதல்' என்னும் வரையறை அதனுள் அமைந்துகிடத்தல் நோக்கற்பாலது. டிஸ்னி கலையகத்தின் மூத்த கலைஞர்களான பிராங்க் தோமஸும் ஒல்லி ஜோன்ஸ்டனும் தம் தொழிலைப் பற்றி 1981இல் வெளியிட்ட பெருநூலின் தலைப்பும் 'உயிர் மயக்கம்' என்னும் பொருளினதேயாகும்.

மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாய், பேசாலை முதலிய ஊர்கள் அமைந்த கரையோரம் இம்மயக்கத்தின் கல்விக்கு ஒரு பழைய களமாகும். தொடுவாய் என்பது கடல் நிலத்தினுள் நுழையும் வாய். ஓலையோ பனையை நினைவூட்டுவது. கடலும் பனையும் சேர்ந்து பெயரிட்ட இவ்வூருக்கு அயலிலுள்ள பேசாலை, 'உடக்குப் பாஸ்' எனப்படும் திருப்பாடுகளின் காட்சிக்குப் பெயர்பெற்றது. உடக்கு என்பது இயக்கத்தக்க உருவம். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய நூல்களுள் கிறிஸ்துவின் பாடுகளைக் கூறும் வியாகுல பிரசங்கம் கத்தோலிக்கக் கரையூர்களில் ஆழப் பதிந்ததாகும். தபசு காலத்தில் அத்தகைய பிரசங்கங்களை இசையோடு வாசிக்க, உருவங்களைக் கொண்டு பாடுகளைக் காட்டும் வழக்கம் நீர்கொழும்புப் பகுதியிலும் மன்னாரிலும் நிலவியது.

இக்காட்சியில் உருவத்தை இயக்குவோன் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு, திரைப்பட அசைவூட்டுநன் எதிர்கொள்வதே என்பது மனங்கொளத்தக்கது. சிலுவையில் தலை சாயும் கணத்தை எண்ணுக. தலை திடீரென வீழின் அது மரக்கட்டை வீழ்தலாகும். அளவுக்கு மீறி மெல்லச் சாயின் அது பொறி இயங்குதலாகும். வாசிப்போனின் குரல் தாழும் இடமறிந்து, ஒரு கணம் தாமதித்து, முதலில் மெதுவாகவும் பின்னர்ப் பாரத்தோடும் சாயுமாயின் மக்கள் அழுவர். அத்தாமதத்தின் அளவை எந்த ஏடும் கூறவில்லை. அது கையிலிருந்து கைக்குச் சென்ற அறிவாகும்.

இவ்வறிவைக் கடத்தும் முறை தமிழ்க் கூத்து மரபில் ஒழுங்குபெற்ற ஒரு கல்வியாகவே வளர்ந்திருந்தது. மன்னாரின் கத்தோலிக்க ஊர்களில் நாடகமும், அதன் சுருங்கிய வடிவமாகிய வாசாப்பும் வழங்கின. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இருவகைப் பாங்குகள் அங்கு அறியப்பட்டிருந்தன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் என்றீக்கு எம்பரதோர் நாடகம், மூவிராசர் நாடகம், ஞானசவுந்தரி நாடகம் ஆகியவற்றை 1960களிற் பதிப்பித்தமையால் அவற்றின் ஏடுகள் அச்சேறிப் பிழைத்தன. ஆனால் ஏடு கல்வியின் ஒரு பகுதியே. அண்ணாவியார் பாத்திரத்துக்கு ஏற்றவனைத் தெரிந்து, பாட்டையும் ஆட்டத்தையும் அவனுக்குப் பழக்கி, பிழை கண்டவிடத்து நிறுத்தித் திருத்தி, பல மாதங்களின் பின்னரே அரங்கேற்றுவார். மட்டக்களப்பிலே இப்படிமுறைகளுக்குத் தனித்தனிப் பெயர்களே உள: பாத்திரத்தை வழங்குதல் சட்டங் கொடுத்தல், காலிற் சதங்கை பூணுதல் சதங்கை அணிதல், அரங்கேற்றத்துக்கு முந்திய இறுதி ஒத்திகை அடுக்குப் பார்த்தல்.

இக்கல்வியைப் பகுத்துநோக்கின் அதற்கு மூன்று உறுப்புகள் உளவென்பது தெளிவாகும். முதலாவது, கண்டு கற்றல்: சிறுவன் அரங்கின் ஓரத்திலிருந்து ஆண்டுதோறும் பார்த்து வளர்கின்றான். இரண்டாவது, அடிப்படைப் பயிற்சியை மீளமீளச் செய்தல். மூன்றாவது, ஊர் பார்க்குமுன் ஒருவர் பார்த்துத் திருத்துதல். இம்மூன்றினுள் எது குறைந்தாலும் கல்வி குறைவுபடும். பின்வரும் வரலாற்றை அளத்தற்கு இவையே அளவுகோலாகக் கொள்ளத்தக்கன.

பாவைக் கலைகள் பிறவற்றிலும் இவ்வமைப்பே காணப்படுகின்றது. தமிழ்நாட்டுத் தோற்பாவைக் கூத்திலே வெண்திரைக்குப் பின்னிருக்கும் ஒரு கலைஞனே உருவங்களை ஆட்டி, அவை அனைத்துக்கும் குரலும் கொடுக்கின்றான். ஒரே கையின் அசைவால் இராவணனையும் ஒரே குரலின் திரிபால் சீதையையும் தோற்றுவிக்க வேண்டிய அக்கலைஞன், குழந்தைப் பருவந்தொட்டுத் தந்தையின் அருகிலிருந்து கற்றவன். இலங்கையில் அம்பலாங்கொடைப் பகுதியிற் குடும்ப வழியாக வளர்ந்த சிங்கள ரூகட நாடகமும் அத்தகையதே. அது 2018இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. குடும்பக் கல்வியின் வலிமை அதன் ஆழம். அதன் மெலிவு அதன் வாயில் சிறிதாயிருத்தல்: அக்குடும்பத்திற் பிறவாதவன் உள்ளே புகுதல் அரிது; அக்குடும்பம் தொழிலைக் கைவிடின் கலையே மறையும்.

திரைப்பட அசைவூட்டம் இதற்கு நேர்மாறாகத் தொடங்கிற்று. அதற்கு அண்ணாவியாரும் இலர், குடும்பமும் இல்லை. பிரான்சில் எமில் கோல் 1908இலும், அமெரிக்காவில் வின்சர் மக்கே 1914இலும் புகழ்பெற்ற படங்களைத் தாமே முயன்று வரைந்தனர். இந்தியாவிலே தாதாசாகேப் பால்கே 1915இல் தீக்குச்சிகளை அசையச் செய்து ஒரு குறும்படம் ஆக்கினார். இத்தொழிலை விளக்கி எட்வின் லூற்ஸ் என்பார் 1920இல் ஒரு நூல் வெளியிட்டார். கன்சாஸ் நகரில் விளம்பரப் படம் வரைந்துகொண்டிருந்த வோல்ட் டிஸ்னி என்னும் இளைஞர் அந்நூலை நகரப் பொது நூலகத்திலிருந்து பெற்றே தொழிலின் அடிப்படையைக் கற்றார். குதிரை, மனிதர் முதலியோரின் இயக்கத்தை நொடிப்பகுதிகளாகப் பிரித்து எட்வேட் மைபிரிட்ஜ் எடுத்த நிழற்படங்களும் அவருக்குத் துணையாயின. மைபிரிட்ஜ் 1887இல் வெளியிட்ட விலங்கியக்கத் தொகுதி 781 தட்டுகளைக் கொண்டது. ஒரு சிற்றூர் இளைஞனுக்குப் பொது நூலகமொன்று எத்தகைய வாயிலைத் திறக்கவல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எனினும் நூல் ஓரெல்லை வரையே கொண்டுசென்றது. அசையும் உருவத்தை ஆக்க நூல் கற்பித்தது. நம்பத்தக்க உருவத்தை ஆக்க அது கற்பிக்கவில்லை. இதனை உணர்ந்தவர் டிஸ்னியே. முதலில் தம் கலைஞர்களை லொஸ் ஏஞ்செல்ஸ் நகரின் ஷுனார் கலைப்பள்ளிக்கு மாலை வகுப்புகளுக்கு அனுப்பினார். பின்னர் 1932 நவம்பரில் அப்பள்ளியின் ஆசிரியரான டொன் கிரஹாமைக் கலையகத்துக்கே வருவித்து வகுப்புகள் தொடங்கினார். 1935 டிசம்பரில் கிரஹாமுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் அசைவூட்டக் கல்வி வரலாற்றின் முதன்மை ஆவணங்களுள் ஒன்றாகும். நல்ல அசைவூட்டுநனுக்கு வரைதிறன் மட்டுமன்றி, இயக்கத்தைப் பகுத்தறியும் ஆற்றலும், நடிப்புணர்வும், மிகைப்படுத்திக் காட்டும் திறனும், கதையறிவும் வேண்டும் என அவர் அதில் வகுத்துக் காட்டினார்.

அக்கலையகத்தில் உருவான கல்விமுறையை மேற்கூறிய மூன்று உறுப்புகளோடு ஒப்பிடுதல் தகும். கண்டு கற்றல் அங்கு உயிருள்ள மாதிரிகளை வரைதலாயிற்று. 1942இல் வெளிவந்த பாம்பி படத்துக்காக மான்கன்றுகளையே கலையகத்துக்குக் கொணர்ந்து வளர்த்தனர். அடிப்படைப் பயிற்சி துள்ளும் பந்து, அரைப்பங்கு நிரம்பிய மாச்சாக்கு, நடைச்சுழல் எனப் படிப்படியாக அமைந்தது. கையும் முகமும் இல்லாத மாச்சாக்கு மகிழ்வதையும் சோர்வதையும் அதன் வளைவாலும் பாரத்தாலும் மட்டுமே காட்டக் கற்றவன், முகத்தின் துணையின்றியே உணர்ச்சியைக் காட்டவல்லவனாவான். திருத்துதலுக்கோ பென்சிற் சோதனைப் படம் துணை நின்றது: வரைந்த கோட்டோவியங்களை மையிடுமுன்னரே படமாக்கி ஓட்டிப் பார்த்துப் பிழை காணப்பட்டது. புதியவன் முதலில் மூத்தவர் வரைந்த முதன்மை நிலைகளுக்கு இடைப்பட்ட ஓவியங்களை வரைபவனாகவே அமர்த்தப்பட்டான். பிறர் கையின் ஓட்டத்தைத் தன் கையால் ஆயிரம் முறை தொடர்ந்த பின்னரே அவனுக்குத் தனிப் பாத்திரம் கிடைத்தது. சட்டங் கொடுத்தல் என மட்டக்களப்பார் வழங்கும் நிகழ்ச்சிக்கு இஃது எவ்வளவு அணித்தானது என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இம்மரபின் ஒரு கிளை இந்தியாவுக்கு வந்த வரலாறு தனித்து நோக்கத்தக்கது. பம்பாயில் இந்திய அரசின் திரைப்படப் பிரிவு 1956இல் கேலிச்சித்திரப் படப் பகுதியொன்றை நிறுவியபோது, அமெரிக்கத் தொழினுட்ப உதவித் திட்டத்தின் கீழ்ப் பயிற்சியளிக்க வந்தவர் கிளேர் வீக்ஸ். மதப்பணியாளர் குடும்பத்தில் இந்தியாவிலேயே பிறந்த இவர், டிஸ்னி கலையகத்திற் பாம்பி உட்படப் பல படங்களிற் பணியாற்றியவர். அவருடைய வழிகாட்டலில் உருவாகி 1957இல் வெளிவந்த படம் சாதகக் கதையொன்றைத் தழுவிய 'ஆலமரத்து மான்' என்பதாகும். கலிபோர்னியாவில் மானை வரையக் கற்ற கை பம்பாயில் மானைக் கொண்டே கற்பித்தமை கல்வி எவ்வாறு கைவழியே பயணம் செய்கின்றது என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ராம் மோகன் அப்பகுதியிற் சேர்ந்து அவரிடம் பயின்றார். பின்னர் 1972இல் சொந்தக் கலையகம் அமைத்து, 1992இல் யூகோ சாகோவுடன் இணைந்து இந்திய-யப்பானியக் கூட்டுமுயற்சியான இராமாயணப் படத்தை இயக்கி, பிற்காலத்திற் பயிற்சிப் பள்ளியொன்றையும் நிறுவினார். 2019இல் மறைந்த அவரை இந்திய அசைவூட்டத்தின் தந்தை எனப் போற்றுவர். ஓர் ஆசிரியரின் குறுகிய கால வருகை அரை நூற்றாண்டுத் தொழிலுக்கு வித்தாயிற்று.

இலண்டனிலும் இதனையொத்த நிகழ்ச்சி நடைபெற்றது. ஏற்கெனவே புகழ்பெற்ற கலைஞராயிருந்த ரிச்சர்ட் வில்லியம்ஸ், தம் அறிவில் அடிப்படைக் குறை இருப்பதை உணர்ந்து, டிஸ்னியின் முன்னாட் கலைஞரான ஆர்ட் பாபிட்டை 1973இல் தம் கலையகத்துக்கு அழைத்துத் தம் பணியாளரோடு தாமும் மாணவராக அமர்ந்தார். அவ்வாறு பெற்ற அறிவே 2001இல் அவர் வெளியிட்ட பயிற்சிக் கையேடாக விரிந்தது. தோமஸ், ஜோன்ஸ்டன் நூல் பன்னிரு விதிகளை உலகறியச் செய்தது. அவ்விதிகள் கணினியால் ஆக்கப்படும் முப்பரிமாண உருவங்களுக்கும் பொருந்தும் என்பதை ஜோன் லசெற்றர் 1987இல் ஒரு கட்டுரையால் நிறுவினார். பிளெண்டர் என்னும் மென்பொருள் 2002இல் எவரும் விலையின்றிப் பெறத்தக்கதாக விடப்பட்டது. 2005இல் தொழிற்கலைஞர் மூவர் இணையவழிப் பள்ளியொன்றைத் தொடங்கினர். அதன் தனிச்சிறப்பு பாடங்களன்று, மாணவன் வரைந்ததைத் தொழிற்கலைஞர் ஒருவர் வாரந்தோறும் பார்த்துத் திருத்துதலேயாகும்.

ஆகவே, கருவி மாறிய போதெல்லாம் கல்வி மாறியதாகத் தோன்றினும், உண்மையில் மாறாதிருந்தது திருத்துவோனின் தேவையே. 1932இன் கலிபோர்னியா, 1956இன் பம்பாய், 1973இன் இலண்டன், 2005இன் இணையவெளி ஆகிய நான்கிடத்தும் நூல்களோ கருவிகளோ ஏற்கெனவே இருந்தன. அவற்றோடு ஒருவர் வந்தமர்ந்து 'மீண்டும் செய்க' எனக் கூறத் தொடங்கிய பின்னரே ஒரு தலைமுறை உருவாயிற்று.

இவ்வெளிச்சத்தில் ஓலைத்தொடுவாயின் இன்றைய இளைஞனை நோக்குதல் வேண்டும். டிஸ்னி நூலகத்தில் இரவல் பெற்ற நூலினும் பன்மடங்கு விரிந்த பாடங்கள் கணினியொன்றுள்ள இடமெங்கும் இன்று எட்டத்தக்கன. மென்பொருளுக்கு விலையில்லை. கண்டு கற்றற்குரிய செல்வமோ அவன் வாயிலிலேயே கிடக்கின்றது. வீச்சுவலை எறிவோன் எறியுமுன் உடலைப் பின்னே முறுக்குகின்றான். இதனையே நூல்கள் முன்னாயத்தம் என்னும். கை நின்றபின்னும் வலை விரிந்து செல்கின்றது. இது பின்தொடர் இயக்கம். வலை வட்டமாக விரியும் பாதை வளைவியக்கம். கரைவலை இழுப்போர் பின்புறம் சாய்ந்து குதிகாலை மணலில் ஊன்றுகையில், மடியின் பாரம் கண்ணுக்குத் தெரியாமலே அவர்தம் முதுகில் தெரிகின்றது. பாரத்தை வரையக் கற்பதே இக்கலையின் மிகக் கடினமான பாடம் என்பர். இழுப்போரின் காலடியை ஒழுங்குசெய்த அம்பாப் பாடல் கால அளவின் பாடமாகும். மன்னார்த் தெருக்களில் உலவும் கழுதைகள் நாற்கால் நடையைக் கற்க மைபிரிட்ஜின் தட்டுகளினும் உயிர்ப்பான ஏடுகள்.

எனின் அவனுக்கு இல்லாதது யாது? அவன் ஆக்கிய பத்து நொடிப் படத்தைப் பார்த்து, 'தலை விரைந்து சாய்கின்றது. ஒரு கணம் தாமதிக்கட்டும்' எனச் சொல்லும் ஒருவரே இலர். அவ்வாறு சொல்லவல்லோர் அக்கரையிலேயே வாழ்ந்தனர் என்பதுதான் இவ்வரலாற்றின் துயரம். அண்ணாவியாரும் உடக்கு இயக்கியோரும் திரைப்படம் அறியாதவராயிருக்கலாம். ஆயின் ஓர் உருவம் எக்கணத்தில் உயிர்பெறுகின்றது, எக்கணத்தில் மீண்டும் மரமாகின்றது என்பதை அறிந்தவர்கள். 1983 முதல் 2009 வரை நீடித்த போர் ஊர்களை இடம்பெயர்த்தது. மாதக்கணக்கான இரவு ஒத்திகைகளுக்கு வேண்டிய அமைதி குலைந்தது. கரைவலையைப் பல இடங்களில் இயந்திரம் இழுக்கத் தொடங்க, அம்பாப் பாடலின் தேவையும் அருகிற்று. ஏடுகள் அச்சிற் பிழைத்தன. திருத்தும் கண் அச்சேறக்கூடியதன்று.

இந்நிலையில் பல்கலைக்கழகங்களுக்கும் ஊர்க் கலைமன்றங்களுக்கும் ஒரு கடமை எஞ்சியுள்ளது. மரபுக் கூத்தைப் பதிவுசெய்வோர் பாட்டையும் உடையையும் பதிவதோடு அமையாது, அண்ணாவியார் மாணவனை இடைநிறுத்தித் திருத்தும் ஒத்திகையையும் பதிதல் வேண்டும். அசைவூட்டம் பயிலும் இளைஞரை அவ்வொத்திகைகளின் ஓரத்தில் அமர்த்துதல் வேண்டும். முதுமையுற்ற கலைஞரிடம் புதிய படங்களைக் காட்டி அவர்தம் குறைகூறலைக் கேட்டல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு திரையும், ஒரு மாலைப்பொழுதும், பிழை கேட்கும் பணிவும் போதும். 1930களிலே டிஸ்னி கலையகம் பொருள் செலவிட்டு அமைத்துக்கொண்டது இவ்வேற்பாட்டினையே. அதனை ஊர்தோறும் செலவின்றிப் பெற்றிருந்த ஒரு சமுதாயம், அதன் அருமையை அறியாது கைநழுவ விட்டபின் மென்பொருளை மட்டும் தேடி நிற்றல் பொருந்தாது. மரப்பாவையை இயக்கும் கயிறு எதனாலும் ஆகலாம். அக்கயிற்றைப் பிடிக்கும் கையை மற்றொரு கை பற்றித் திருத்தினாலன்றிப் பாவை உயிர்பெறுவதில்லை.